அண்டக்கதிரை அளந்த அறிஞர்: விக்ரம் சாராபாய் வரலாறு

தோற்றுவாய்

மரத்தின் நிழலில் இளைப்பாறுவோர் அதன் வேரை நினைப்பது அரிது. பெரியோர் சிலருடைய வரலாறும் அவ்வாறே கனியை மட்டும் காட்டி, வேரை மறைத்துச் சொல்லப்பட்டு வருகின்றது. விக்ரம் சாராபாய் என்னும் பெயரைக் கேட்ட அளவில் நம் சிறாரும் ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் நினைக்கின்றனர். இந்திய விண்வெளிப் பணிக்கு அவர் தந்தை என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அவர் தம் இருபத்தொன்றாம் அகவை தொட்டு விடாது பற்றியிருந்த தொழில் வேறொன்று. கண்ணுக்குப் புலனாகாமல் விண்ணினின்றும் இடையறாது பொழியும் அண்டக்கதிர்களை மணிதோறும் எண்ணி, அவ்வெண்ணிக்கையின் மிகச்சிறிய ஏற்றத்தாழ்வுகளிலிருந்து ஞாயிற்றின் செயலையும் நிலவுலகின் காந்த ஆற்றலையும் உய்த்துணர்வதே அத்தொழில். ராக்கெட்டும் செயற்கைக்கோளும் அவ்வேரினின்றும் எழுந்த கிளைகளாம். அவ்வேரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலமெனக் கருதி, யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் வளர்ப்பும்

சாராபாய் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் அகமதாபாத் நகரிற் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், காலிகோ ஆலையின் உரிமையாளர். அந்நகரத்துச் செல்வருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். தாயார் சரளாதேவி. அக்குடியைப் பற்றி அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் கூலியுயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது முதலாளிமார்க்குத் தலைவராய் நின்றவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு நின்றவர் அவருடன் பிறந்த தமக்கையார் அனசூயா. கருத்தால் எதிரெதிர் நின்றும் உறவால் அவ்விருவரும் பகைத்தாரல்லர். பின்னாளில் அமைச்சரும் அறிஞரும் மீனவரும் ஆகிய எல்லாரோடும் ஒப்பப் பழகிய சாராபாயின் பண்புக்கு இவ்வில்லமே விளைநிலமாயிற்று என்று கொள்வது பிழையாகாது.

சரளாதேவியார் தம் மக்கள் எண்மர்க்கும் மாண்டிசோரி முறையைத் தழுவி இல்லத்திலேயே பள்ளி அமைத்தார். மொழிக்கும் கணக்கிற்கும் ஓவியத்திற்கும் கைத்தொழிலுக்கும் தக்க ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். இளைஞர் விக்ரமின் நாட்டம் இயந்திரங்களின்மேற் சென்றது. இரவீந்திரநாத தாகூர், சர் சி. வி. இராமன் முதலிய பெரியோர் அகமதாபாத் வந்தால் அம்மனையில் தங்குவது வழக்கம். மூத்த தமக்கையார் மிருதுளா நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். செல்வமும் நாட்டுப்பற்றும் கல்வியும் ஒரு கூரையின்கீழ் இருந்த இல்லம் அஃது.

கல்வி

அகமதாபாத் குஜராத் கல்லூரியிற் பயின்றபின் அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் செயிண்ட் ஜான் கல்லூரியிற் சேர்ந்தார். அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு தாகூர் பரிந்துரைக் கடிதம் எழுதினார். 1940-இல் இயற்கை அறிவியலிற் பட்டத் தேர்வு நிறைவேறிற்று. அதற்குள் இரண்டாம் உலகப்போர் மூண்டுவிட்டமையால் மேற்கொண்டு அங்கே தங்க இயலவில்லை. தாய்நாடு திரும்பியவர், தந்தையாரின் ஆலைக் கணக்கறையில் அமரவில்லை. பெங்களூர் இந்திய அறிவியற் கழகம் சென்று, இராமன் அவர்கள் மேற்பார்வையில் ஆராய்ச்சி மாணவரானார். அப்போது ஹோமி பாபா அவர்களும் போரின் காரணமாக இங்கிலாந்து மீளாது அக்கழகத்திலேயே பணியாற்றி வந்தார். பாபா அண்டக்கதிரின் கணிதத்தைக் கண்டவர். சாராபாய் எடுத்துக்கொண்ட வினா எளியதுபோற் தோன்றுவது: இக்கதிர்கள் நாள் முழுதும் ஒரே அளவாய் வருகின்றனவா, அன்றி வேளைக்கு வேளை மாறுகின்றனவா என்பதே அது.

அண்டக்கதிர் இன்னதென்பது

இவ்விடத்தில், அண்டக்கதிர் என்பது யாது என்று சிறிது கூறுதல் வேண்டும். 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டு விக்டர் ஹெஸ் என்பார், மின்னேற்றத்தை அளக்கும் கருவிகளோடு பலூனில் ஏறி ஐயாயிரம் மீட்டருக்கு மேற் சென்றார். மேலே செல்லச் செல்ல ஊடுருவுங் கதிர் குறைதல் வேண்டும் என்பது அக்காலத்தார் எதிர்பார்ப்பு. அவர் கண்டதோ மிகுதி. ஆகவே அக்கதிர் நிலத்தினின்றும் எழுவதன்று, விண்ணினின்றும் வருவது என்று துணிந்தார். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அண்டக்கதிர் என வழங்கினும் அவை ஒளிக்கதிர் அல்ல. பெரும்பாலும் புரோட்டான் எனப்படும் நீரகத்தின் அணுக்கருக்கள். சிறுபான்மை ஹீலியத்தின் அணுக்கருவும் அதனினும் கனத்த அணுக்கருக்களும். இவை ஒளியின் விரைவை நெருங்கிப் பாய்ந்து வந்து மேல்வளியில் மோதிச் சிதறுகின்றன. அச்சிதறல்களில் மியூவான் என்னும் துகள்களே நிலமட்டத்திற் பெரும்பாலும் நம்மை வந்தடைவன. இதனை வாசிப்போர் உள்ளங்கையை விரித்துப் பிடித்தால், அதனூடே ஒரு நொடிக்கு ஒன்றேனும் புகுந்து செல்லும்.

இத்துகள்கள் மின்னேற்றம் உடையன. மின்னேற்றமுடைய துகளைக் காந்தம் வளைக்கும். நிலவுலகமோ ஒரு பெருங் காந்தம். வலிமை குன்றிய துகள்களை அது வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும். வலிமை மிக்கன மட்டும் உட்புகும். துருவங்களுக்கு அருகில் இத்தடை மிகக் குறைவு. காந்த நடுக்கோட்டில் மிக மிகுதி. நம் தென்னாட்டின்மேல் நேர் செங்குத்தாக வந்து நுழைய வேண்டுமாயின், ஒரு புரோட்டான் ஏறத்தாழ 1700 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உடையதாதல் வேண்டும். 1927-இல் ஜாவாவிலிருந்து ஹாலந்திற்குக் கப்பலிற் சென்ற யாக்கோப் கிளே என்பார், நடுக்கோட்டுப் பகுதியிற் கதிர் குறைந்திருப்பதை முதலிற் கண்டார். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்தர் காம்ப்டன் உலகெங்கும் அளவெடுத்து அதனை உறுதி செய்தார். சல்லடைகளுள் நுண்ணிய சல்லடை நம் தலைக்குமேல் இருக்கின்றதென்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

அளவையின் அருமை

சாராபாய் எடுத்துக்கொண்ட வேலையின் அருமையை ஊரப்பாக்கத்து நம்மவர்க்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். செங்கற்பட்டிலிருந்து தாம்பரம் நோக்கி வரும் மின்தொடர்வண்டிகளில், ஊரப்பாக்கம் நிலையத்தில் இறங்கி வெளிவருவோரை ஒருவர் வாயிலில் நின்று மணிதோறும் எண்ணுகின்றார் என்று கொள்வோம். ஒருநாள் ஒரு மணிநேரத்தில் எண்ணிக்கை குறைந்தது. செங்கற்பட்டில் ஏறினவரே குறைவா? கூடுவாஞ்சேரியிற் பலர் இறங்கிவிட்டனரா? அன்றி, மழை வந்தமையால் இறங்கினவர் நடைமேடைக் கூரையின்கீழ் ஒதுங்கி நிற்கின்றனரா? எண்ணுவோர்க்குக் கிடைப்பது எண் ஒன்றே; காரணமோ மூன்று.

அண்டக்கதிர்க்கும் இஃதே நிலை. எண்ணிக்கை குறைந்தால், ஞாயிற்றின் செயலால் வெளியிலேயே கதிர் குறைந்திருக்கலாம். நிலவுலகின் காந்தம் தடுத்திருக்கலாம். அல்லது நம் தலைக்குமேல் உள்ள காற்று சற்றே கனத்து அவற்றை விழுங்கியிருக்கலாம். வெப்ப நாடுகளில் இம்மூன்றாவது காரணம் பெரிதும் இடர் செய்யும். நம் நாட்டிற் காற்றழுத்தம் நாடோறும் இருமுறை உயர்ந்து இருமுறை தாழும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உயர்வு. பிற்பகல் நான்கு மணியளவிலும் பின்னிரவு நான்கு மணியளவிலும் தாழ்வு. புயற்காலம் ஒழிந்த நாட்களில் இது கடிகாரம்போல் நிகழ்வது. இதனை நீக்காமற் கணக்கிடுவோன், காற்றின் மூச்சை ஞாயிற்றின் செய்தி என்று மயங்குவான்.

இன்னும் ஓர் இடருண்டு. தேடப்படும் மாறுதல் மிகச்சிறிது. நூற்றில் ஒன்றுகூட இல்லை. தனித்தனியே தற்செயலாய் வரும் துகள்களை எண்ணுங்கால், ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுதலைத் துணியவேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து இலட்சம் துகள்களை எண்ணியாதல் வேண்டும் என்பது கணிதம். அதுவும் நாளின் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே எண்ணுதல் வேண்டும். எனவே கருவி திங்கட்கணக்காய் ஓயாது ஓடவேண்டும். சாராபாய் கைகர் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அக்குழாய்கள் யாவும் ஒருங்கே துடித்தாலன்றி எண் ஏறாதவாறு அமைத்தார். இதனால் பக்கவாட்டில் வரும் துகள் விலக, மேலிருந்து நேரே வருவது மட்டும் எண்ணப்படும். போர்க்காலத்தில் வெளிநாட்டுக் கருவி கிடைத்தல் அரிதாகலின் வேண்டுவனவற்றைப் பெரிதும் கையாலேயே செய்துகொண்டார். 1942-இல் அண்டக்கதிரின் காலப் பகிர்வு பற்றிய அவருடைய முதற் கட்டுரை இந்திய அறிவியல் அகாடமியின் ஏட்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு இருபத்து மூன்றாம் ஆண்டு.

இல்லறமும் இமயமும்

அதே 1942-இல் சாராபாய், சென்னைக் குடும்பத்தில் வளர்ந்த மிருணாளினி சுவாமிநாதனை மணந்தார். மிருணாளினியின் தந்தையார் சுவாமிநாதன் சென்னையிற் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிருணய சபையில் உறுப்பினராய் அமர்ந்தவர். தமக்கையார் இந்திய தேசியப் படையின் கேப்டன் இலட்சுமி. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பரதநாட்டியம் பயின்ற மிருணாளினி, 1949-இல் அகமதாபாத்தில் தர்ப்பணா என்னும் கலைக்கழகத்தை நிறுவினார். இவ்வாற்றால் நம் அறிஞர் தமிழ்நாட்டிற்கு உறவினருமாயினார்.

உயர்ந்த இடங்களிற் கதிர் மிகுதியாதலின், 1943-இல் காசுமீரத்து இமயமலைப் பகுதிக்குக் கருவிகளைக் கொண்டு சென்று அளவெடுத்தார். பூனாவில் வானிலை ஆராய்ச்சி நிலையத்திலும் பணி நிகழ்ந்தது. அங்கே, பாலக்காட்டிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று வளிமண்டல ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற கே. ஆர். இராமநாதன் அவர்களுடைய நட்பு கிடைத்தது. போர் முடிந்ததும் 1945-இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்ப நாடுகளில் அண்டக்கதிர் ஆராய்ச்சி என்னும் பொருள்பற்றி நூல் எழுதி 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆராய்ச்சிச்சாலை

நாடு விடுதலை பெற்ற ஆண்டில், நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிச்சாலை தோன்றியது. அப்போது சாராபாய்க்கு அகவை இருபத்தெட்டு. தந்தையார் குடும்பத்து அறநிலையமும் அகமதாபாத் கல்விச் சங்கமும் பொருளுதவி செய்தன. தொடக்கத்திற் சொந்தக் கட்டிடம் இல்லை. அறிவியற் கல்லூரி ஒன்றிற் சில அறைகளே இருந்தன. அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்ற இராமநாதன் அவர்களைச் சாராபாய் முதல் இயக்குநராக வேண்டி அழைத்தார். தாம் அண்டக்கதிர்ப் பேராசிரியராய் அவர்க்குக் கீழ் அமர்ந்தார். நிறுவியவர் தலைமையைத் தாமே கொள்ளாது, தம்மினும் மூத்த அறிஞர்க்கு அளித்த இச்செயல், சங்கங்கள் நடத்துவோர் எண்ணிப் பார்க்கத் தக்கது. 1952-இல் இராமன் அவர்கள் புதுக் கட்டிடத்திற்கு அடிக்கல் நாட்டினார்; 1954-இற் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

ஓரிடத்துக் கணக்கு ஒருபோதும் போதாது. நிலையத்து வாயிலில் ஒருவரே நிற்பதினும், கூடுவாஞ்சேரியிலும் வண்டலூரிலும் தாம்பரத்திலும் ஒவ்வொருவர் நின்று எண்ணி ஒப்பிட்டால் காரணம் வெளிப்படும் அன்றோ? ஆதலின் அகமதாபாத்தோடு கொடைக்கானல், திருவனந்தபுரம், காசுமீரத்துக் குல்மார்க் ஆகிய இடங்களிலும் அண்டக்கதிர் நிலையங்கள் அமைக்கப்பெற்றன. குல்மார்க்கும் கொடைக்கானலும் மலைகள். அகமதாபாத்தும் திருவனந்தபுரமும் சமநிலம். குல்மார்க் வடக்கு, கொடைக்கானலும் திருவனந்தபுரமும் காந்த நடுக்கோட்டை அடுத்த தெற்கு. மலையும் சமநிலமும் ஒப்பிடக் காற்றின் பங்கு பிரியும். வடக்கும் தெற்கும் ஒப்பிடக் காந்தத்தின் பங்கு பிரியும். இவ்விரண்டையும் பிரித்தபின் எஞ்சுவது ஞாயிற்றின் பங்கு.

கொடைக்கானலுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. சென்னையில் இருந்த பழைய வானாய்வு நிலையத்தின் வழித்தோன்றலாக, 1899-இல் அங்கே ஞாயிறாய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஞாயிற்றின் முகத்திலுள்ள கரும்புள்ளிகளை நாடோறும் படமெடுத்து வைக்கும் மலையில் அண்டக்கதிரையும் எண்ணுவது எத்துணைப் பொருத்தம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கண்ட உண்மைகள்

இனி, அவர் ஆராய்ச்சியின் பயனைச் சுருக்கிக் கூறுவோம். காற்றழுத்தத்தின் பங்கைக் கழித்த பின்னும் அண்டக்கதிரில் ஒரு நாள்முறை மாறுதல் எஞ்சி நின்றது. ஒரு குறித்த வேளையில் உயர்வும் மற்றொரு வேளையில் தாழ்வும் காணப்பட்டன. இதனைச் சிலர் வளிமண்டல வெப்பத்தின் விளைவு என்று தள்ளிவிட்டனர். சாராபாய் அவ்வாறு தள்ளவில்லை. ஆண்டு பலவற்றின் கணக்கை அடுக்கிப் பார்த்தபோது, அம்மாறுதலின் அளவும் உயர்வு நேரும் வேளையும் ஆண்டுக்கு ஆண்டு பெயர்ந்தன. அப்பெயர்ச்சி அகமதாபாத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. கடல்கடந்த நிலையங்களிலும் ஒத்தே நிகழ்ந்தது. ஓரூர்க் காற்று உலகமெங்கும் ஒரே போக்கில் ஆண்டுதோறும் மாறுமோ? மாறாது. எனவே அதன் காரணம் வளிமண்டலத்திற்கு அப்பாலுள்ளது, ஞாயிற்றொடு தொடர்புடையது என்று அவர் துணிந்தார்.

பதினோராண்டு வட்டமும் இதனோடு இயைந்தது. ஞாயிற்றிற் கரும்புள்ளிகள் பதினோராண்டை ஒட்டிப் பெருகிச் சுருங்குவன. கரும்புள்ளி பெருகிய ஆண்டுகளில் அண்டக்கதிர் குறையும். கரும்புள்ளி சுருங்கிய ஆண்டுகளில் அண்டக்கதிர் மிகும். இம்முரணை அமெரிக்க அறிஞர் ஸ்காட் ஃபார்புஷ் 1954-இல் நிறுவினார். காந்தப்புயல் வீசும் நாட்களில் அண்டக்கதிர் திடீரென்று தாழ்ந்து, சில நாட்களிற் படிப்படியாக மீள்வதையும் அவர் 1937-இலேயே கண்டிருந்தார். அத்தாழ்வு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இவற்றிற்கெல்லாம் பொதுவான காரணம் யாது? 1953-இற் சாராபாயும் அவர் மாணவர் கேனும் எழுதிய கட்டுரையில், ஞாயிறு தானே இடையறாது அண்டக்கதிரை வெளியிடுகின்றது என்னும் கருத்தைக் கூறினர். பின்னர் வந்த ஆராய்ச்சி வேறொரு விளக்கத்தைக் காட்டிற்று. 1958-இல் யூஜின் பார்க்கர், ஞாயிற்றினின்றும் மின்னேற்றமுடைய வளி எத்திசையும் ஓயாது வீசுகின்றது என்று கணிதத்தால் நிறுவினார். அதுவே ஞாயிற்றுக் காற்று. அக்காற்று ஞாயிற்றின் காந்தப்புலத்தையும் தன்னோடு இழுத்துச் செல்லும். ஞாயிறு சுழல்வதால் அப்புலம் சுருள்வட்டமாய் வளையும். புறத்தேயிருந்து வரும் அண்டக்கதிர்கள் அப்புலத்திற் சிக்குண்டு, எல்லாத் திசையினின்றும் ஒரே அளவாய் வாராமல், ஒருபக்கம் சற்று மிகுந்து வரும். நிலவுலகம் நாளொன்றுக்கு ஒருமுறை சுழலுங்கால் நம் கருவி அப்பக்கத்தை நோக்கும் வேளையில் எண் உயரும். நாள்முறை மாறுதலின் பொருள் இதுவே. 1962-இல் மாரினர் 2 என்னும் விண்கலம் ஞாயிற்றுக் காற்றை நேரே அளந்து உறுதி செய்தது.

இவ்விடத்திற் சாராபாயின் பெருந்தன்மை விளங்கும். முன் சொன்ன கருத்தைக் கட்டிப்பிடித்து அவர் வாதாடவில்லை. புதிய விளக்கத்தை ஏற்று, அதனையே மேலும் முன்கொண்டு சென்றார். ஞாயிற்றுக் காற்று எங்கும் ஒரே விரைவாய் வீசாது, விரைந்த வீச்சு பின்னிருந்து வந்து மெல்லிய வீச்சை முட்டும்போது என்ன நேரும் என்று 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்பால் டாக்டர் பட்டத்திற்குப் பயின்ற உ. ரா. ராவ், அமெரிக்கா சென்று, மாரினர் 2 அனுப்பிய கணக்குகளை ஆராய்ந்து ஞாயிற்றுக் காற்று ஓயாது வீசுவதையும் அதற்கும் நிலவுலகக் காந்தத்திற்கும் உள்ள தொடர்பையும் விளக்கியவருள் ஒருவரானார். கருத்து மாறலாம், நேர்மையாய் எடுத்த கணக்கு மாறாது. அகமதாபாத்திலும் கொடைக்கானலிலும் எண்ணிய எண்கள் பழைய கருத்திற்கும் சான்றாய் நின்றன, புதிய கருத்திற்கும் சான்றாய் நின்றன.

தென்கோடியும் ராக்கெட்டும்

நிலத்தில் நின்று எண்ணுவோன், காற்றின் பங்கைக் கழித்துக் கழித்தே உண்மையை அணுகவேண்டும். காற்றிற்கு மேலேயே கருவியை அனுப்பிவிட்டால்? வினா இவ்வாறு எழுதலே இயல்பு. ராக்கெட்டை நாடச் செய்தவற்றுள் இவ்வினாவும் ஒன்று. 1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கென இந்தியத் தேசியக் குழு அமைந்தபோது சாராபாய் அதன் தலைவரானார். ராக்கெட்டுத் தளத்திற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊர் தேர்ந்துகொள்ளப்பட்டது. காந்த நடுக்கோடு அதன் அருகே செல்கின்றது. அங்கே காந்த ஊசி மேலும் கீழும் சாயாது கிடையாய் நிற்கும். நூறு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி அக்கோட்டின் வழியே ஒரு மின்னோட்டம் ஆறுபோற் பாய்கின்றது. அதனை ஆராய்தற்குத் தும்பாவினும் சிறந்த இடம் அரிது. அவ்வூர் மாதா கோவிலையும் ஆயர் மனையையும் திருச்சபையார் ஆராய்ச்சிக்கு விட்டுக்கொடுத்தனர். கோவிலே பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அந்திப்பொழுதில் முதல் ராக்கெட்டு எழுந்தது. அக்குழுவிற்கு ஆட்களைத் தேர்ந்தபோது சாராபாய் நேர்கண்டு சேர்த்துக்கொண்ட இளைஞருள் ஒருவர் இராமேசுவரத்து அப்துல் கலாம்.

1966 ஜனவரி 24-இல் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தார். அவ்வாண்டிலேயே அணுசக்திக் குழுவின் தலைமை சாராபாயின் தோள்மேல் விழுந்தது. 1969 ஆகஸ்டு 15-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. நமது ஊரிலிருந்து கடற்கரைப் பக்கம் சென்றால் எட்டும் கல்பாக்கத்தில், 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையம் நிறுவப்பெற்றதும் அவர் தலைமையிலேதான். அவ்வாண்டு அக்டோபரிற் சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் முதல் ராக்கெட்டு எழுந்தது. இவற்றுக்கிடையே ஆலைத்துணி ஆராய்ச்சிக் கழகம், மேலாண்மைக் கல்விக் கழகம் முதலியவற்றை அகமதாபாத்தில் தோற்றுவித்தவருள்ளும் அவரே முன்னின்றார். இத்தனைச் சுமைக்கு நடுவிலும் 1965 முதல் அகமதாபாத் ஆராய்ச்சிச்சாலையின் இயக்குநராகவும் இருந்து அண்டக்கதிர் மாணவர்களை நடத்தி வந்தார்.

மறைவு

பணி மிகுந்தது, உடல் அதனைத் தாங்கவில்லை. 1971 டிசம்பர்த் திங்களில், தும்பாப் பணிகளைக் காணச் சென்றவர் கோவளத்திற் கடலோர மாளிகையில் தங்கினார். 30-ஆம் நாள், துயின்றவர் எழவில்லை. அகவை 52. தாம் கனவு கண்ட செயற்கைக்கோள் ஒன்றையும் அவர் விண்ணிற் கண்டாரல்லர். முதற் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா 1975-இல் எழுந்தது. அதனைச் செய்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் அவர் மாணவர் ராவ் அவர்களே. செயற்கைக்கோள் வழியே சிற்றூர்களுக்குக் கல்வி ஒலிபரப்பும் சோதனை 1975, 1976-ஆம் ஆண்டுகளில் நிறைவேறிற்று. அரசாங்கம் 1966-இல் அவர்க்குப் பத்மபூஷண் விருதையும் மறைவுக்குப்பின் 1972-இற் பத்மவிபூஷண் விருதையும் அளித்தது. நிலவின் அமைதிக்கடற் பகுதியிலுள்ள ஒரு பள்ளத்திற்கு 1973-இல் உலக வானியற் சங்கத்தார் அவர் பெயரை இட்டனர். 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவின் தென்துருவத்தை அடுத்து இறங்கிய சந்திரயான் 3-இன் இறங்குகலத்தின் பெயரும் விக்ரம் என்பதே.

வழி வந்தவை

அவர் எழுப்பிய வினா இன்றும் ஓயவில்லை. நம் நீலகிரியில் உதகமண்டலத்தில், டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தார் மியூவான்களை எண்ணும் 560 சதுரமீட்டர்க் கருவியொன்றை நடத்துகின்றனர். 2015 ஜூன் 22-ஆம் நாள் ஞாயிற்றினின்றும் எழுந்த பெருவீச்சு ஒன்று நிலவுலகை மோதியபோது, அக்கருவியில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எண்ணிக்கை உயர்ந்தது. காந்தச் சல்லடை சிறிது நேரம் தளர்ந்து, வழக்கமாய்த் தடுக்கப்படும் துகள்களையும் உள்ளே விட்டதே காரணம் என்று அவர்கள் 2016-இல் வெளியிட்டனர். சல்லடை மிக நுண்ணிதாகிய தென்னாட்டில் இது காணப்பட்டமையால் உலகத்தார் கருத்து அதன்பாற் சென்றது. ஞாயிற்றின் இவ்வீச்சுகள் செயற்கைக்கோள்களையும் மின்தொடர்களையும் பழுதாக்க வல்லன. ஆதலின் அவற்றின் வரவை அறிவது இன்று வெறும் ஆர்வத்திற்கு உரியதன்று. நம் வீட்டு விளக்கிற்கும் கைப்பேசிக்கும் தொடர்புடையது.

2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் எழுந்த ஆதித்யா எல்1, 2024 ஜனவரி 6-இல் நிலவுலகினின்றும் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையை அடைந்தது. ஞாயிற்றுக் காற்றின் துகள்களை அளக்கும் கருவி ஒன்றும் அதில் உண்டு. அதனைச் செய்தளித்தது, கல்லூரி அறை சிலவற்றில் 1947-இல் தோன்றிய அதே அகமதாபாத் ஆராய்ச்சிச்சாலை. காற்றையும் காந்தத்தையும் கழித்துக் கழித்து நிறுவியவர் தேடிய பொருளை, அவர் சாலையின் கருவி இன்று இரண்டிற்கும் வெளியே நின்று நேரே எண்ணுகின்றது.

முடிவுரை

நம் குடும்பங்களிற் பிள்ளை ஒரு பாடத்தை விரும்பினால், அதனால் வரும் ஊதியம் யாது என்று முதலிற் கேட்கின்றோம். கேட்பதிற் குற்றமில்லை, பொருளற்றார் கேளாதிருத்தல் இயலாது. சாராபாய் செல்வர் மகன், அவர்க்கு அஃது எளிது என்று சொல்வாரும் உளர். ஆயின், அவர்பாற் பயின்ற ராவ் அவர்களும் அவர் தேர்ந்த கலாம் அவர்களும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். நூற்றில் ஒரு பங்கும் இல்லாத மாறுதலை ஆண்டுக்கணக்காய் எண்ணிக்கொண்டிருந்தாரைக் கண்டு அக்காலத்திலும் இதனாற் பயன் என்னையென்று வினவினோர் இருந்திருப்பர். அவ்வெண்ணிக்கையினின்றே தும்பாவும் தோன்றிற்று. தும்பாவினின்றே புயல் முன்னறிவிப்புப் படம் நம் வீட்டுத் திரைக்கு வருகின்றது.

எண்ணிப் பழகுதற்குப் பெருஞ்செலவும் வேண்டா. இன்று கைப்பேசிகள் சிலவற்றில் காற்றழுத்தமானி உள்ளது. நம் சங்கத்துப் பிள்ளைகள், மழைக்காலம் கழிந்தபின் ஒரு திங்கள் அளவு, காலை பத்துமணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் அதன் எண்ணைக் குறித்து வருக. நாடோறும் பத்துமணி எண் உயர்ந்தும் நான்குமணி எண் தாழ்ந்தும் இருத்தலை ஊரப்பாக்கத்துத் திண்ணையிலிருந்தே அவர்கள் காண்பர். சாராபாய் தம் கணக்கில் முதலிற் கழித்தது அதனையே. பிள்ளை அக்குறிப்பேட்டோடு வந்து காட்டுங்கால், பெற்றோர் இதனால் என்ன வரும் என்று கேளாது, ஒருமுறை வாங்கிப் பார்ப்பாராக.